மேற்குப் பார்த்த முற்றம்: வேம்பா, செவ்வரத்தையா?

இணையக் குழுவொன்றில், புதுவளவு என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

யாழ்ப்பாணம், கோண்டாவில் பக்கம் ரெண்டு பரப்புக் காணி, புது வீடு, வாசல் மேற்கு. விறாந்தைச் சுவரிலயிருந்து றோட்டுவேலி வரைக்கும் 24 அடி. மதில் இல்லை, முட்கம்பி வேலிதான். பின்னேரம் ரெண்டு மணிக்குத் தொடங்கிற வெயில் ஆறு மணி வரைக்கும் சுவரிலயும் முன்யன்னலிலயும்தான் நிக்குது. இரவு பத்து மணிக்குத் தொட்டாலும் சுவர் சுடும்.

ஒரு பக்கம் வேம்பு வை எண்டு சொல்லினம். இன்னொரு பக்கம், வேம்பு நிழல் தர அஞ்சு வருஷம், அதுக்குள்ள நிலத்தையும் கிணத்தையும் வேர் கெடுத்துப்போடும், செவ்வரத்தை வைச்சால் ஒரு வருஷத்திலயே மறைப்பும் பூவும் எண்டு சொல்லினம். சாமிக்குப் பூவும் தேவைதான். கிணறு முற்றத்தின்ரை வடக்கு மூலையில, யன்னலிலயிருந்து ஒரு 26 அடி. ஆவணி, புரட்டாதியில தண்ணி நல்லா இறங்கும். மண் செம்பாடு (சிவப்பு மண்), ஆனால் அத்திவாரம் வெட்டேக்கை சில இடத்தில ரெண்டடியிலயே கல்லு வந்தது. வயர்க் கம்பம் றோட்டுக்கு அங்காலை, வயர் வேலிக்கு மேலாலை போகேல்லை.

ரெண்டில எது? ஐப்பசி மழைக்கு முதல் முடிவெடுக்க வேணும்.

செம்பாட்டான் எழுதியது:

முதலில் வெயில் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் பார்த்தால் பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையளவில் இருக்கிறது. சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதற்குப் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை, அதாவது ஓகஸ்ட் கடைசி வரை, உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். சித்திரையில் பின்னேரம் மூன்று மணி கழிந்தவுடன் சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது 18 அடி மரத்தின் நிழல் 18 அடி நீளம். நாலு மணி கழிந்தால் உயரம் 31 பாகை, நிழல் 30 அடி.

இதை உங்கள் முற்றத்தில் வைத்துப் பாருங்கள். சுவரிலிருந்து 14 அடியில் 18 அடி உயரத்துக்கு ஒரு மரம் நின்றால், மூன்று மணிக்குச் சுவரின் கீழ் நாலடி நிழலாகும். நாலு மணிக்கு ஒன்பதரை அடி வரை மூடிவிடும், அதாவது சுவர் முழுவதும். அதே இடத்தில் ஆறடிச் செவ்வரத்தை நின்றால் நாலு மணிக்கு அதன் நிழல் பத்தடிதான் போகும், சுவரைத் தொடவே தொடாது. செவ்வரத்தையை சுவரோடு ஒட்டி, ஐந்தடியில் வைத்தாலும் நாலு மணிக்குக் கீழ் மூன்றடிதான் மறையும். சுவரின் வெக்கைக்குச் செடி விடையல்ல. அது மரத்தின் வேலை.

இன்னொரு விஷயம், பலர் தவறவிடுவது. மரத்தை யன்னலுக்கு நேர் எதிரே நடக்கூடாது. ஆனி மாதத்தில் நாலு மணிச் சூரியன் நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே தள்ளி நிற்கும். 14 அடித் தூரத்துக்கு அது ஐந்தரை அடி விலகல். சித்திரையில் விலகல் ஒன்றரை அடிதான். இரண்டுக்கும் நடுவே, யன்னலுக்கு நேரிலிருந்து மூன்றடி வடக்கே வைத்தால் இரண்டு காலத்துக்கும் உதவும்.

வேம்பு மாசி பங்குனியில் இலை கொட்டும். சித்திரை வெயில் தொடங்கும்போது புதுத்தளிர் வந்து குடை மூடிவிடும். நிழல் வேண்டிய காலத்துக்குச் சரியாக வந்து சேரும். பூ அதே காலத்தில்தான், வடகத்துக்கும் ஆகும்.

வேம்பு இரவிலும் ஒட்சிசன் விடும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். இரவில் அதுவும் மற்ற மரம் போலத்தான் மூச்சு விடும். நல்ல நிழல் மரம் என்பதற்கு அந்தக் கதை தேவையில்லை.

வேலியடி எழுதியது:

செம்பாட்டான் அண்ணை கணக்கு சரி, ஆனால் ஏன் வேம்புதான் எண்டு நிக்க வேணும்? பூவரசு இருக்கே. இலை பெரிசு, கோடையிலையும் கொட்டாது, மஞ்சள் பூவும் பூக்கும், குழை வெட்டினால் தோட்டத்துக்கும் ஆகும். ஐப்பசியில ஆறடிக் கதியால் (வேலிக்கு ஊண்டுற தடி) ஊண்டினால் அடுத்த கோடையில நிழல் தொடங்கிடும்.

செம்பாட்டான் எழுதியது:

வேலிக்குப் பூவரசு நல்லது, முற்றத்து நிழல் மரத்துக்கு இரண்டு தடை இருக்கிறது. கதியாலில் வளரும் பூவரசுக்கு ஆணிவேர் இல்லை, பக்கவேர்தான். கல்லுக்கு மேல் இரண்டு மூன்றடி மண்ணில், மாரியில் நிலம் ஊறிக் கிடக்கும்போது பெருங்காற்று அடித்தால் அடியோடு சாயும். 2020 டிசம்பரில் புரெவி வந்ததுபோல மழையும் காற்றும் சேர்ந்து வருவதுதான் இங்கே வழக்கம். வைக்கத்தான் வேண்டுமென்றால் விதையில் முளைத்த கன்றாக வையுங்கள்.

இரண்டாவது தடை, பூவரசும் செவ்வரத்தையும் ஒரே குடும்பம். ஒன்றில் வெண்மூட்டுப் பூச்சி (வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டும் பூச்சி) வந்தால் மற்றதுக்கும் போகும். மாரியில் மயிர்க்கொட்டியும் பூவரசில் அடையும், யன்னலுக்குப் பக்கத்தில் அது நல்ல அயல் இல்லை.

குழைக்கட்டு எழுதியது:

மரம் பற்றி முடிவு எதுவானாலும் குழி பற்றிப் பேசாமல் விடக்கூடாது. உரும்பிராய், கோண்டாவில், சுன்னாகப் பக்கத்தில் மரம் பட்டுப்போவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில்தான், அதற்குக் காரணமும் பெரும்பாலும் குழியில்தான் இருக்கும்.

முதலில் அலவாங்கு (கடப்பாரை). மழை பெய்து மண் இளகியதும், நினைத்த இடத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அலவாங்கை இறக்கிப் பாருங்கள். மூன்றடிக்கு மேல் இறங்கினால் நல்லது. ஒன்றரை அடியில் "ணங்" என்றால் இரண்டடி தள்ளிப் பாருங்கள். இங்கே சுண்ணாம்புக்கல் ஒரே தட்டாகக் கிடப்பதில்லை, இடைக்கிடை வெடிப்பும் பள்ளமும் இருக்கும். வேர் போவது அந்த வெடிப்புக்குள்ளால்தான். ஒரு முழம் தள்ளினால் மண் ஆழமாகக் கிடைப்பது சாதாரணம்.

குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். கல் வந்தால் கிடைத்த ஆழத்தோடு நிறுத்தி, அகலத்தை நாலடி ஆக்குங்கள். வெட்டி முடிந்ததும் இரண்டு பெரிய வாளி தண்ணீர் ஊற்றி அடுத்த நாள் காலை பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அடியில் தட்டுக்கல் கிண்ணம்போல இருக்கிறது. கார்த்திகையில் அந்தக் கிண்ணத்தில் வேர் அழுகும். அலவாங்கால் அடியில் ஒரு வெடிப்பைத் திறந்துவிட முடிந்தால் சரி, முடியாவிட்டால் வேறு இடம்.

மேல்மண்ணைத் தனியாக, கல்லும் சல்லியுமாக வந்த கீழ்மண்ணைத் தனியாகப் போடுங்கள். திருப்பி மூடும்போது மேல்மண்ணுடன் நன்றாக மக்கிய மாட்டெரு இரண்டு கடகம், காய்ந்த இலை ஒரு கடகம். பச்சைச் சாணம் போட்டால் சூடேறி இளவேர் கருகும். புது வீடு என்றீர்கள், ஆகவே இதைக் கட்டாயம் பாருங்கள்: மேசன் வேலை முடிந்த முற்றத்தில் சீமெந்துக் கட்டி, சுண்ணாம்பு, உடைந்த ஓடு எல்லாம் அரையடிக்குக் கீழே புதைந்திருக்கும். இங்கத்தைய மண்ணும் தண்ணீரும் ஏற்கெனவே காரம் (சுண்ணாம்புத்தன்மை). அந்தக் குப்பையைக் குழிக்குள் தள்ளினால் காரம் இன்னும் ஏறும். வேம்பு தாங்கும், செவ்வரத்தை தாங்காது.

கன்று வாங்கும்போது ஆறடிக் கன்று வேண்டாம். பொலித்தீன் பையில் இரண்டு வருடம் நின்ற கன்றின் வேர் பைக்குள்ளேயே சுருண்டிருக்கும், நட்ட பிறகும் அது சுருளைத்தான் சுற்றும். ஒன்றரை இரண்டடி உயர ஆறு மாதக் கன்று போதும், மூன்றாம் வருடத்தில் பெரிய கன்றை முந்திவிடும். விதை போடுவதென்றால் ஆனி ஆடியில் விழும் பழுத்த வேப்பம்பழம், தசை கழுவி இரண்டு கிழமைக்குள் ஊன்ற வேண்டும். வைத்திருந்தால் முளைக்கும் சக்தி கெதியாகப் போய்விடும்.

நடுவது ஐப்பசி நடுவில், முதல் இரண்டு மழைக்குப் பிறகு. மாரி முழுவதும் வேர் இறங்க நேரம் கிடைக்கும். தை கடைசியிலிருந்து நாலு நாளுக்கு ஒருமுறை இரண்டு வாளி, ஏறத்தாழ 20 லீற்றர். தண்டோடு ஊற்றாமல் ஒன்றரை அடி தள்ளி வட்டப் பாத்தி கட்டி அதற்குள் ஊற்றுங்கள். பாத்திக்குள் பொச்சு (தேங்காய் மட்டை) நெருக்கமாக அடுக்கினால் ஈரம் இரண்டு நாள் கூட நிற்கும். பொச்சு தண்டைத் தொடக்கூடாது. இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை காணும். மூன்றாம் கோடையில் வேம்புக்குத் தண்ணீர் தேவையில்லை. கிணறு இறங்கும் வளவில் இதுவும் ஒரு கணக்கு.

வைகாசியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பும், வாசல் மேற்கு என்பதால் நேரே வாங்கும். கன்றுக்கு இரண்டு பக்கமும் ஓரடி தள்ளித் தடி ஊன்றி, சாக்குக் கீலத்தால் எட்டு வடிவில் கட்டுங்கள். கயிறு பட்டையை அறுக்கும். ஒரு வருடத்தில் கட்டை அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டு தன் பலத்தில் நிற்கப் பழகாது.

புதுவளவு எழுதியது:

நன்றி. அலவாங்கு வேலை நாளைக்கே செய்யிறன். வேர்ப் பயம்தான் இன்னும் போகேல்லை. அத்திவாரம்? கிணறு? மலசலகூடக் குழி வீட்டுக்குப் பின்னாலை, தெற்கு மூலையில.

பீலி எழுதியது:

செம்பாட்டு மண் களிமண் மாதிரி ஈரத்தில் வீங்கி, வெயிலில் சுருங்கும் மண் அல்ல. ஆகவே 14 அடியில் நிற்கும் வேம்பால் அத்திவாரம் வெடிப்பது அரிது. வேர் கெடுப்பது வேறு மூன்று இடத்தை.

மேலோட்டமாகப் போட்ட முற்றத்துச் சீமெந்து: இரண்டங்குலப் பூச்சை வேர் தூக்கும். மரத்தைச் சுற்றி ஆறடிக்குச் சீமெந்தோ, இடைவெளியில்லாத கல்லோ வேண்டாம், மண்ணாக விடுங்கள்.

மலசலகூடக் குழி: வேர் ஈரத்தைத் தேடிப் போகும். உங்களுக்குப் பின்பக்கம் என்பதால் பிரச்சினை இல்லை.

கிணறு: நீங்கள் சொன்ன அளவில் மரத்துக்கும் கிணற்றுக்கும் 20 அடிக்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும், நாடா பிடித்துப் பாருங்கள். கட்டுக்கிணறு என்றால் மேல் ஏழெட்டடிக் கட்டின் பூச்சு விட்டுப் போயிருக்கிறதா என்று இப்போதே பார்த்துப் பூசிவிடுங்கள், வேர் உள்ளே வருவது பழைய வெடிப்பால்தான். இலையும் பூவும் விழாமல் வலை போடுங்கள்.

மற்றது என் பேருக்கு உரிய விஷயம். மாசி பங்குனியில் வேப்பிலை பீலியை (கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை) அடைக்கும். பங்குனியில் ஒருதரம், புரட்டாதிக் கடைசியில் ஒருதரம் பீலி துடைக்க வேண்டும். புரட்டாதியில் விட்டால் ஐப்பசி முதல் மழை பீலியால் வழிந்து சுவரில் இறங்கும்.

மணிமாலை எழுதியது:

எல்லாரும் வேம்போடு நிற்கிறீர்கள், செவ்வரத்தையைப் பற்றி ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. தம்பி சாமிக்குப் பூவும் தேவை என்றுதானே கேட்டவர்.

செவ்வரத்தைப் பூ ஒரு நாள்தான் நிற்கும். ஆகவே ஒரு செடி போதாது, தினம் நாலைந்து பூ வேண்டுமென்றால் மூன்று செடி வேண்டும். நாட்டுச் சிவப்பு ஒற்றை இதழ்தான் இந்த மண்ணுக்கு உறுதி. பெரிய பூப் பூக்கும் கலப்பினங்கள் நேர்சரியில் அழகாக நிற்கும், இங்கத்தைய கிணற்றுத் தண்ணீரில் ஒரு வருடத்தில் மஞ்சளாகும்.

கார்த்திகையில் பென்சில் தடிப்புக் கொப்பு, ஏழெட்டு அங்குலம், மூன்று கணு. மேலே இரண்டு இலையைப் பாதியாக வெட்டிவிட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள். மணலும் மண்ணும் சரிபாதி போட்ட பையில் ஒரு கணுவாவது மண்ணுக்குள் போக ஊன்றி நிழலில் வையுங்கள். ஐந்தாறு கிழமையில் வேர் பிடிக்கும். மாசிக்குப் பிறகு ஊன்றினால் வாட்டம்தான்.

செவ்வரத்தைக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேர் வெயில் வேண்டும். வேம்புக்குக் கீழே வைத்தால் கொப்பு நீண்டு இலை மட்டும் வரும். தண்ணீர் கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு வாளி, ஆயுள் முழுக்க. வேம்புக்கு மூன்றாம் வருடத்தோடு முடியும் செலவு இதற்கு முடியாது, இதையும் கணக்கில் எடுங்கள்.

இப்போது மஞ்சள். எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்த்துத்தான் மருந்து. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல, சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஆகவே பெரஸ் சல்பேற்றை (இரும்பு உப்பை) மண்ணில் கொட்டுவது வீண், அதுவும் பூட்டுப்படும். லீற்றருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேற்றும் 1 கிராம் சித்திரிக்கமிலமும் கரைத்து, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைசலை அன்றன்றே கரைக்க வேண்டும், வைத்திருந்து துருநிறமானால் பயனில்லை. சுவரிலும் சீமெந்திலும் பட்டால் கறை போகாது. கீலேற்று (பூட்டுப்படாமல் கட்டி வைத்த இரும்பு) வாங்குவதென்றால் இ.டி.டி.எச்.ஏ என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள், இ.டி.ரி.ஏ வகை இந்தக் காரமண்ணில் நிற்காது.

அடி இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, மாட்டெரு வையுங்கள். மாரியில் அடி இலை மஞ்சளாகிக் கொட்டினால் தண்ணீர் தேங்குகிறது, வாய்க்கால் வெட்டிவிடுங்கள். இலை ஓரம் கருகினால் உப்பு.

நுனி சுருண்டு வெள்ளையாகப் பஞ்சு பிடித்தால் வெண்மூட்டுப் பூச்சி. மருந்து தெளிக்க முதல் சுருண்ட நுனியை ஒரு சாண் கீழே வெட்டி, சவர்க்காரத் தண்ணீரில் அமுக்குங்கள். வெட்டியதை வேலியில் எறிந்தால் திரும்பி வரும். பிறகு லீற்றருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, திரவச் சவர்க்காரம் 2 மில்லி, நன்றாகக் கலக்கி மாலையில் தெளித்து, ஏழு நாளில் திரும்ப. தண்டில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள். எறும்பை நிற்பாட்டாமல் இந்தப் பூச்சி போகாது, அதன் தேனுக்காக எறும்புதான் அதைக் காவல் காத்துப் பரப்புவது.

வேலியடி எழுதியது:

உவ்வளவு பாடு பட ஏலாதெண்டால் பட்டிப்பூ. கோடைக்கு அசையாது, தானே விழுந்து முளைக்கும். மாரியில தண்ணி நிண்டால் மட்டும் அழுகிப்போகும், மேடை கட்டி வைச்சால் காணும். ஆடு, மாடு தின்னக்கூடாது, நஞ்சு. அலரியும் அப்பிடித்தான், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டு முற்றத்தில அலரி வேண்டவே வேண்டாம்.

புதுவளவு எழுதியது:

அப்ப ரெண்டும் வைக்க இடம் வருமோ? 24 அடிதானே.

செம்பாட்டான் எழுதியது:

வரும். செடிக்கு உரிய இடம் மரத்துக்கும் சுவருக்கும் இடையில் இல்லை, மரத்துக்கு மேற்கே, வேலியோடு.

சுவரிலிருந்து 14 அடியில் வேம்பு. 22 அடியில், வேலிக்கு இரண்டடி உள்ளே, வடக்குத் தெற்காக நாலடி இடைவெளியில் மூன்று செவ்வரத்தை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மரத்தின் கீழ்க்கொப்பு ஏழடியில் தொடங்கினால் ஐந்தரை மணிக்குப் பிறகு சூரியன் குடைக்குக் கீழால் புகுந்து சுவரின் கீழ் மூன்றரை அடிக்கும், யன்னலின் அடிப்பாகத்துக்கும் அடிக்கும். அந்த நேரத்துச் சாய்வெயிலை வேலியோடு நிற்கும் ஆறடிச் செடி மறைக்கும். மணிமாலை அக்கா சொன்ன ஐந்தாறு மணி வெயிலும் மேற்கிலிருந்து செடிக்குத் தடையில்லாமல் கிடைக்கும்.

மரத்தை அளவோடு வைத்திருப்பதுதான் மிச்ச வேலை. கவனித்தால் நாலைந்து வருடத்தில் 15 அடி வரும். நடுத்தண்டு பத்துப் பதினொரு அடியைத் தாண்டியதும், ஒரு நல்ல பக்கக்கொப்புக்கு மேலே அதை வெட்டி, சுற்றி நாலைந்து கொப்பை விடுங்கள். குடையாகும். பக்கக்கொப்பு இல்லாத இடத்தில் மொட்டையாக வெட்டினால் துடைப்பம்போலக் கொத்தாகத் துளிர்க்கும், அந்தத் துளிர் காற்றில் கிழியும். கீழ்க்கொப்பை ஏழடிக்கு மேல் உயர்த்தாதீர்கள், உயர்த்தினால் மேலே சொன்ன கணக்கு பிழைக்கும். அகலம் தண்டிலிருந்து எட்டடிக்குள். ஒவ்வொரு வருடமும் காய் விழுந்த பிறகு, ஆவணியில் வெட்டுங்கள், கார்த்திகைக் காற்றுக்கு முதல் குடை இலேசாகும். பங்குனி சித்திரையில் கத்தி வைத்தால் நிழலும் போகும், பூவும் போகும். றோட்டு வயரை நோக்கி ஏதும் கொப்பு போனால் கொக்கத்தடியால் இழுக்க வேண்டாம், மின்சாரசபைக்குச் சொல்லிவிடுங்கள்.

குழைக்கட்டு எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு செவ்வரத்தைப் பாத்தித் தண்ணீரைத் தேடி வேப்பம்வேர் வரும், பூ குறைவதில் தெரியும். இரண்டுக்கும் நடுவே, மரத்திலிருந்து ஐந்தடிக்குக் குறையாமல், ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் ஒரு வெட்டு. அந்த ஒரு பக்கம் மட்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்கியதும். சுற்றிவர வெட்டினால் மரம் சாயும்.

புதுவளவு எழுதியது:

அளந்து பாத்தன். யன்னலுக்கு மூண்டடி வடக்கை, 14 அடியில அலவாங்கு ஒண்டேகாலடியிலயே நிண்டிட்டுது. ஒண்டரையடி தெற்கை தள்ள மூண்டேகாலடி இறங்குது. அதிலயிருந்து கிணத்துக்கு 22 அடி. அந்த இடம் காணுமோ?

செம்பாட்டான் எழுதியது:

காணும். யன்னலுக்கு ஒன்றரை அடி வடக்கு என்றால் சித்திரை நாலு மணிக்குச் சரியாக வரும், ஆனி ஆடியில் யன்னலின் வடக்கு ஓரத்தில் கொஞ்சம் வெயில் விழும். வடக்குப் பக்கத்துக் கொப்பை ஓரடி நீள விட்டால் அதுவும் மூடும். மண்ணுக்காக நிழலில் ஓரடி விட்டுக் கொடுக்கலாம். தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் குழியை வெட்டுங்கள்.